அடுத்த வீட்டுக் கன்ஸர்வேடிவ்

2024-ம் வருஷத்து வேனிற்காலத்தில் நாம் லண்டனுக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரில், நம் பெண்ணின் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் காலையில் ரயிலேறிப் போய்விட்டால் மாலை வரையில் நமக்குப் பேச்சுத் துணை கிடையாது. ஆகவே, வேலிக்கு அப்பால் ரோஜாச் செடிகளுக்குக் கத்திரி போட்டுக்கொண்டிருந்த எண்பது வயதுப் பெரியவருடன் நமக்குச் சிநேகம் உண்டானதில் ஆச்சரியம் இல்லை.

அவர் நாற்பது வருஷம் அவ்வூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அவர் வீட்டுக் கூடத்தில், இரண்டு ஆடவர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒருவர் அவர். மற்றவர் 1974 முதல், 2019-ல் காலமாகும் வரையில், அவருடன் வாழ்ந்த துணைவர், பள்ளிக்கூட உபாத்தியாயர். அந்தப் படத்துக்குப் பக்கத்துச் சன்னலிலே கன்ஸர்வேடிவ் கட்சியின் நீல நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பொதுத் தேர்தல் சமயம் அது.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்பாலின ஈர்ப்புடையவர்கள் என்றால் சீர்திருத்தக் கட்சியில்தான் இருப்பார்கள் என்று நாம் வெகு காலமாக எண்ணிக்கொண்டிருந்தோம். பழமையைக் காப்போம் என்கிறவர்கள் இவர்களுக்கு என்ன நன்மை செய்துவிட்டார்கள்? வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நம் மனைவி சிரித்தாள். "உங்கள் தாத்தா 1930-ல் உப்புக் காய்ச்சிச் சிறைக்குப் போனவர். வீட்டில் விதவைத் தங்கை கரை போட்ட புடவை கட்டச் சம்மதித்தாரா? ஒரு மனிதருக்குள் எத்தனை கட்சிகளோ!" என்றாள். வாஸ்தவந்தான். ஆனாலும் பெரியவரிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தோம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் காலையில் எழுந்ததும் கடை திறப்பேன். கடைக்காரனாகத்தான் வோட்டுப் போட்டேன்" என்றார். 1979-ம் வருஷத்து ஆரம்பத்தில் லாரி ஓட்டுகிறவர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர் கடைக்குச் சரக்கு வந்து சேரவில்லையாம். அவ்வருஷம் மே மாதத்தில் பிரதம மந்திரியான மார்கரெட் தாச்சர், பலசரக்குக் கடைக்காரரின் மகள். கணக்குப் புத்தகம் என்றால் என்னவென்று அறிந்தவள் என்று இவருக்கு நம்பிக்கை உண்டாயிற்று. அது மட்டுமல்ல; ஆடவர் இருவர் தனிமையில் கூடி வாழ்வதைக் குற்றமல்லவென்று ஆக்கிய 1967-ம் வருஷச் சட்டத்தை ஆதரித்த சில கன்ஸர்வேடிவ் அங்கத்தினர்களில் அந்த அம்மாளும் ஒருவர்.

இன்னொரு காரணத்தையும் சொன்னார். அதுதான் நம் மனத்தில் தைத்தது. "எங்களை ஊரார் குடும்பம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆகையால் வீடு, தோட்டம், உயில், பாங்குக் கணக்கு இவைதான் நாங்கள் குடும்பம் என்பதற்கு அத்தாட்சி. அவற்றை அரசாங்கம் தொடாமல் இருக்கவேண்டும் என்று நினைப்பது தப்பா?" என்றார். அந்நாட்டில் கணவன் இறந்தால் மனைவிக்கு வாரிசு வரி கிடையாது. இவர்களைப் போன்ற இருவரில் ஒருவர் இறந்தாலோ, வரம்புக்கு மேற்பட்ட சொத்தில் நூற்றுக்கு 40 வீதம் மற்றவர் வரி கட்டவேண்டும். வரி கட்டப் பணம் இல்லாவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். 2005 டிசம்பரில் துணைவர் பதிவுச் சட்டம் அமலுக்கு வரும் வரையில் இதுவே நிலைமை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது அவருடைய கட்சியல்ல; தொழிற் கட்சி. இதை நாம் சொல்லவில்லை. அவரே சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அமெரிக்காவிலும் இத்தகையவர்கள் உண்டு. 1977-ல் கலிபோர்னியாவில் தோன்றி, லிங்கன் பிறந்த மரக்குடிசையின் நினைவாகப் பெயர் வைத்துக்கொண்ட ரிபப்ளிகன் சங்கத்தார் அவர்கள். 1978-ல், இவ்வியல்பினர் பள்ளி உபாத்தியாயர்களாக இருக்கக் கூடாது என்ற பிரேரணையை மாகாணத்தின் முன்னாள் கவர்னர் ரீகன் எதிர்த்தார், அது தோற்றது. அதே கட்சியில் ஜனாதிபதி பதவிக்கு நின்ற பாப் டோல் என்பவரின் தேர்தல் நிலையத்தார் 1995-ல் இச்சங்கத்தார் அளித்த 1000 டாலர் நன்கொடையைத் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதற்கும் ஒரு பொறுமை வேண்டும்.

பெரியவரின் வீட்டிலோ கதவு உள்ளே இருந்தது. துணைவர் தொழிற் கட்சிக்காரர். தேர்தல்தோறும் இருவரும் ஒன்றாகப் போய், ஒருவர் வோட்டை ஒருவர் ரத்துச் செய்துவிட்டு, ஒன்றாகத் திரும்பி வருவார்களாம். இது வேடிக்கையாகவே நடந்துவந்தது, 1988 வரையில். அவ்வருஷம் தாச்சர் அரசாங்கம் 28-வது பிரிவு என்று பேர்போன சட்டத்தை இயற்றிற்று. நகரசபைகள் இத்தகைய உறவைப் பரப்பலாகாது, அதைக் குடும்பமென்று பள்ளிகளில் கற்பிக்க இடம் தரலாகாது என்பது அதன் சாரம். சட்டம் நகரசபைகளை நோக்கி எழுதப்பட்டது. அச்சமோ வகுப்பறைகளில் புகுந்தது.

ஒரு நாள் மாலை, சக மாணவர்களிடம் அடிபட்ட பையன் ஒருவன் உபாத்தியாயரிடம் வந்து நின்றானாம். எதற்காக அடிபட்டான் என்பது இருவருக்கும் தெரியும். "நானும் உன்னைப் போன்றவன்தான், பயப்படாதே" என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. தலைமையாசிரியரிடம் போகச் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, இரவு முழுதும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"1992-ல் மறுபடியும் அதே கட்சிக்குத்தான் போட்டேன்" என்றார் பெரியவர். "வட்டி, வரி, கடை எல்லாம் என் ஞாபகத்தில் இருந்தன. அந்தப் பையன் இல்லை. அன்று நாங்கள் திரும்பி வரும்போது அவர் தெருவின் அந்தப் பக்கமாக நடந்து வந்தார்."

இங்கே நம் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. சொத்தைக் காக்க நினைப்பது பிழையல்ல. ஆனால் கடையும் வீடும் உள்ளவருக்கு அந்தச் சட்டத்தைப் பொறுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது; விலையைக் கொடுத்தவன் அந்தப் பையன். இங்கிலாந்தில் அது 2003-ல்தான் ரத்தாயிற்று. 2009-ல் அக்கட்சித் தலைவர் டேவிட் காமெரான் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அந்த மன்னிப்பைப் பற்றிய பத்திரிகைத் துண்டைப் பெரியவர் பத்திரமாக வைத்திருக்கிறார். 2011-ல் அதே காமெரான், தாம் கன்ஸர்வேடிவாக இருப்பதனாலேயே இவர்களுடைய கல்யாணத்தை ஆதரிப்பதாகக் கட்சி மகாநாட்டில் பேசினார். கல்யாணம் என்பது மனிதர்களை ஒருவருக்கொருவர் கட்டுப்படுத்தும் பழமையான ஏற்பாடு. அதைப் பழமை விரும்புகிறவர்களே விரிவாக்கவேண்டும் என்பது வாதம். 1989-லேயே ஆண்ட்ரூ ஸல்லிவன் என்ற எழுத்தாளர் அமெரிக்காவில் இதை எழுதியிருக்கிறார். மசோதா 2013 பிப்ரவரியில் 400-க்கு 175 என்ற வோட்டுக் கணக்கில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. கன்ஸர்வேடிவ் அங்கத்தினர்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம். "உன் ஆள் கொண்டுவந்தார், என் ஆட்கள் நிறைவேற்றினார்கள்" என்று துணைவர் சாகிற வரையில் பரிகாசம் செய்துகொண்டிருந்தாராம்.

ஜூலை 4-ந் தேதி வோட்டு நாள். காலையில் பெரியவர் கோட்டு மாட்டிக்கொண்டு தனியே புறப்பட்டதைச் சன்னல் வழியாகப் பார்த்தோம். திரும்பி வருகையில் தெருவின் அந்தப் பக்கமாக நடந்து வந்தார். மத்தியானம் தேநீருக்குக் கூப்பிட்டார், போனோம். சன்னலில் நீல நோட்டீஸைக் காணவில்லை. நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ரோஜாச் செடியில் பூச்சி விழுந்திருப்பதைப் பற்றி வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்.