பாலாற்றின் கடைசி வரை மாமாவோடு ஒரு பயணம்

"ஏம்மா, காஞ்சிபுரத்துலேர்ந்து படகுலயே கடலுக்குப் போக முடியுமா?"

மாமா இப்படிக் கேட்டபோது நான் அடுப்படியில் காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். என் மாமனாருக்கு 78 வயது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்தவர். இப்போது முட்டி மடங்காது. திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேரன் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை.

"பேரன் படிச்சுக் காட்டினான். சீனாவுலேர்ந்து வந்த சாமியார் ஒருத்தராம். காஞ்சிபுரத்துல கப்பல் ஏறினா மூணு நாள்ல இலங்கைன்னு அவர் புத்தகத்துல இருக்காம். நம்ம ஊர்ல ஏது கப்பல்?"

அவர் சொன்னது யுவான் சுவாங்கை. 7-ம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில் காஞ்சிக்கு வந்தவர். அவருடைய வரலாற்றில் காஞ்சியைக் கடலோரத்து ஊர் போலவே சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் கடல் இங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். காஞ்சிக்குச் சரக்கு இறங்கிய துறைகள் மாமல்லபுரத்திலும் பாலாறு கடலில் சேரும் பக்கத்திலும் இருந்தன. ஊரையும் துறையையும் ஒன்றாகவே எண்ணிச் சொல்லியிருப்பார்கள்.

"அப்போ ஆத்தோடவே போனா அந்த இடத்துக்குப் போயிடலாம்" என்றார் மாமா. பிறகு சற்று நேரம் கழித்து, "இந்த ஆத்துல எவ்வளவு நூல் அலசியிருக்கேன். இது எங்க போய்ச் சேருதுன்னு ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகு என்ன செய்வது? கிளம்பிவிட்டோம். நான், மாமா, ஒன்பதாவது படிக்கும் என் மகன். இரண்டு நாள் திட்டம். பாலாற்றில் படகு விட முடியாது என்பதால் ரயில், ஆட்டோ, கார் என்று மாறி மாறிப் போய், கடைசியில் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் படகு ஏறுவது என்று முடிவு.

பாலாற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தை ஒரு ஓரமாகத் தொட்டு, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் வருகிற ஆறு இது. பெரும்பாலும் மணலாகத்தான் தெரியும். எங்கள் ஊருக்கு மருமகளாக வந்து பல வருஷம் நான் இதை ஆறு என்றே நம்பவில்லை. 2021 நவம்பரில்தான் நம்பினேன். இரண்டு கரையும் கொள்ளாமல் செம்மண் நிறத்தில் வந்தது. செவிலிமேட்டுப் பக்கம் ஊரே திரண்டு நின்று பார்த்தது. கைத்தடியோடு நின்ற மாமா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

பட்டுக்கும் இந்த ஆற்றுக்கும் உள்ள உறவை எங்கள் வீட்டில் தினமும் பேசுவார்கள். நூலை சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசை எடுக்க வேண்டும், பிறகு சாயம், பிறகு அலசல். பாலாற்றுத் தண்ணீரில் அலசினால்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பு என்பது நெசவாளர் நம்பிக்கை. மாமா சின்ன வயதில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, நூல் கட்டுகளை அலசித் தோளில் போட்டுக்கொண்டு வருவாராம். இன்னொன்றை யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். எங்களுக்குப் பட்டு நூல் வருகிற முக்கியமான சந்தைகளில் ஒன்று சிட்லகட்டா. அதுவும் நந்தி மலை இருக்கிற அதே சிக்கபள்ளாபூர் மாவட்டம்தான். ஆறும் நூலும் ஒரே திசையிலிருந்து புறப்படுகின்றன. நூல் மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது.

காலை ரயிலில் ஏறினோம். அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டு போகும் இந்தப் பாதை, காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் பாலாற்றுக்குத் துணையாகவே போகிறது. நத்தப்பேட்டை, வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். அவசரமில்லாத ரயில். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான். கையில் மந்தாரை இலையில் அவித்த காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டது என்பதால் மறுநாள் வரை கெடாது. பயணத்துக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு எனக்குத் தெரியாது.

பழையசீவரத்தில் இறங்கினோம். எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும், தெற்கிலிருந்து வரும் செய்யாறும், காஞ்சியைத் தொட்டு வரும் வேகவதியும் கூடும் இடம். வேகவதி என்றால் வேகமாக ஓடுபவள். அவள் காஞ்சியையே அடித்துப் போக வந்தபோது பெருமாள் அணையாகக் குறுக்கே படுத்துத் தடுத்தார் என்பது திருவெஃகா கோயில் கதை. இன்று எங்கள் ஊருக்குள் அவள் சாக்கடையைச் சுமந்து நகர்கிறாள். தடுக்க யாரும் படுக்க வேண்டியதில்லை. பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் வந்து, ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடலில் மற்றப் பெருமாள்களோடு சேர்ந்து காட்சி தருவார். அந்த நாளில் கூட்டம் தாங்காது. நாங்கள் போனது கார்த்திகைக் கடைசி. பாலத்தில் ஆட்டோவை நிறுத்திப் பார்த்தோம். நடு மணலில் இரண்டு மூன்று ஓடைகளாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"இது போதும். அடியில ஓடுது பார், அதுதான் ஆறு" என்றார் மாமா.

உண்மைதான். மேலே மணல், கீழே தண்ணீர். காஞ்சிபுரத்துக் குழாயில் வருவது இந்த ஆற்றுக் கிணறுகளின் நீர். சென்னைப் புறநகர்கள் சிலவற்றுக்கும், கல்பாக்கத்துக்கும்கூட இந்த மணலடி நீர் போகிறது. அந்த மணலைத்தான் வருஷக்கணக்காக லாரி லாரியாக அள்ளினோம்.

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய 950 வருஷத்துக்கு முந்தையது. அதில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது! பெயர் 'வீரசோழன் ஆதுலர் சாலை'. 15 படுக்கைகள். கோயிலைச் சேர்ந்த பாடசாலையில் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் வைத்தியம். மருத்துவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவரைத் தவிர அறுவை வைத்தியம் செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைக் கவனிக்கவும் பெண்கள், ஒரு நாவிதர் என்று யார் யாருக்கு என்ன சம்பளம் என்பதுவரை வெட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று சில பெயர்களை நாட்டுமருந்துக் கடைக்காரர் இன்றும் அடையாளம் கண்டுகொள்வார். ராத்திரி எரியும் விளக்குக்குக்கூட எண்ணெய்க் கணக்கு.

"மருந்து காய்ச்சுற பொம்பளைங்களுக்கும் சம்பளம் எழுதியிருக்கா?" என்று மாமா கேட்டார். எழுதியிருக்கிறது என்றேன். "எங்கம்மா காலம் பூரா பாவுக்கு நூல் இழைச்சாங்க. கூலி அப்பா பேர்ல மட்டும்தான் வரும்" என்றார். பேரன் அந்தக் கல்வெட்டை வளைத்து வளைத்து செல்போனில் படம் எடுத்தான்.

அன்றிரவு செங்கல்பட்டில் நாத்தனார் வீடு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிட்டோம், நன்றாகத் தூங்கினோம். மறுநாள் வாடகைக் கார். திருக்கழுக்குன்றத்தில் மலை ஏற மாமாவால் முடியாது என்பதால் கீழேயே கும்பிட்டுவிட்டுச் சதுரங்கப்பட்டினம் போனோம்.

கல்பாக்கத்தை ஒட்டிக் கடலோரத்தில் டச்சுக்காரர்கள் செங்கல்லில் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. பாதிக்கு மேல் இடிந்துவிட்டது. உள்ளே, சித்திரம் செதுக்கிய பழைய கல்லறைக் கற்கள். கோட்டை என்றதும் பீரங்கிதான் நினைவுக்கு வரும். ஆனால் இவர்கள் இங்கே வந்து உட்கார்ந்ததே துணிக்காக. இந்தச் சுற்று வட்டாரத்தில் நெய்த மெல்லிய பருத்தித் துணியை வாங்கிக் கிடங்கில் அடுக்கிக் கப்பலேற்றினார்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போன துணியைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கிய காலம் அது.

கிடங்கு மாதிரி இருந்த ஒரு நீண்ட கூடத்தின் முன்னால் மாமா கைத்தடியை ஊன்றி வெகுநேரம் நின்றார்.

"முன்பணம் கொடுத்துத்தானே நெய்ய வச்சிருப்பான்?"

ஆமாம், தரகர்கள் மூலம் முன்பணம் கொடுத்துத்தான் அந்தக் காலத்துக் கம்பெனிகள் துணி வாங்கின.

"அப்போ அவனுக்குத்தான் நெய்யணும், அவன் சொல்ற விலைதான்" என்றார். கேள்வியாக அல்ல. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீர்வதற்குள் கல்யாணம், பிரசவம், தீபாவளி என்று அடுத்த முன்பணம் வாங்கி, முப்பது வருஷம் ஒரே வாசலில் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். என் கணவர் தறியில் உட்காரவே கூடாது என்று அடித்துச் சொன்னவரும் அவர்தான். எங்கள் வீட்டுக் குழியில் இப்போது பலகை போட்டு மேலே மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

அங்கிருந்து வாயலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. சின்ன ஊர். அங்குள்ள சிவன் கோயில் தூணில் ராஜசிம்ம பல்லவனின் கல்வெட்டு. பிரம்மாவில் தொடங்கி, பல்லவ அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி ராஜசிம்மனில் வந்து நிற்கும் பட்டியல். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மன். எங்கள் வீட்டிலிருந்து கைலாசநாதர் கோயில் நடக்கிற தூரம். ஆற்றின் கடைசியிலும் வந்து தன் வம்சத்தின் பெயரை வெட்டி வைத்திருக்கிறான் என்றால், இந்த ஆற்று வாய் அவனுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்! பக்கத்தில் வசவசமுத்திரம் என்ற இடத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது உறைகிணறும், ரோமானியர் மது கொண்டுவந்த சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குப் போகும் வழியில் குதிரைகளோடு கப்பல் வந்து நிற்கும் நீர்ப்பெயற்று என்றொரு துறை வருகிறது. அது இதுதான் என்பாரும் உண்டு, மாமல்லபுரம் என்பாரும் உண்டு. எனக்கு இதுவாகவே இருக்கட்டும் என்று ஆசை. காரணம் வேறொன்றுமில்லை, ஆறு எங்களுடையது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலாற்றுப் பாலம். நடுவில் காரை நிறுத்த முடியாது. ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தோம். இங்கே ஆறு நம்ப முடியாத அகலம். தடுப்பணைக்கு மேலே நீலமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தப் பக்கம் மணல் திட்டு. அதற்கப்பால் கடல், கோடு போட்டது போல.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே கடுமையாகத் தீர்ப்புச் சொன்ன ஆறு இது. எங்கள் சாயத் தண்ணீரும் அதில் சேர்த்திதான். மாமா அதை மறைக்கவில்லை. "நாங்களும்தான் ஊத்தினோம்" என்றார். எதுவும் தெரியாதது போலத் தண்ணீர் அமைதியாகக் கிடந்தது.

படகு? அதற்கு இன்னும் தெற்கே முதலியார்குப்பம் போக வேண்டும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'மழைத்துளி' படகு குழாம் அங்கே இருக்கிறது. ஒதியூர் ஏரி என்கிற உப்பங்கழி. பக்கிங்காம் கால்வாய் இப்படிப்பட்ட கழிகளையெல்லாம் நூலில் கோத்த மாதிரி கோத்துக்கொண்டு மரக்காணம் பக்கம் வரை போகிறது. ரயிலும் லாரியும் வருவதற்கு முன்னால் உப்பும் விறகும் நெல்லும் சென்னைக்குப் போனது இந்தத் தண்ணீரில்தான். பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போய் 'மாவலிபுரச் செலவு' எழுதினார். படகைக் கழியால் தள்ளியும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் உழைத்தவர்கள்தான் அதில் மனதில் நிற்பார்கள்.

வேகப் படகுக்குத்தான் அங்கே கூட்டம். பேரனும் அதற்குத்தான் இழுத்தான். "மெதுவா போறது எது?" என்று மாமா கேட்டார். சீட்டுக் கொடுத்தவர் சிரித்துக்கொண்டே ஒன்றைக் காட்டினார். முட்டி மடங்காத மனிதரை உயிர்காப்பு உடை மாட்டிப் படகில் இறக்க இரண்டு பேர் கைகொடுத்தார்கள். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். நாங்கள் உச்சி வெயிலில் போய்த் தவித்தோம்.

கரை விலகியதும் சத்தம் அடங்கியது. ஆழமில்லாத தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டு இரண்டு பேர் நடந்துபோனார்கள். ஒற்றைக் காலில் நின்ற நாரைகள் எங்களைக் கண்டு நகரவே இல்லை. மாமா ஓரமாகச் சாய்ந்து கையைத் தண்ணீரில் விட்டார். நூல் அலசுகிற பழக்கத்தில் விரல்கள் தாமாகவே விரிந்து மூடின. பிறகு ஒரு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். "இதுல அலசினா நூல் போயிடும்."

சற்று நேரம் கழித்துப் படகோட்டியிடம், "தம்பி, இங்க எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.

"இடுப்பளவுதான் ஐயா. பயப்படாதீங்க."

"பயமில்லப்பா. எங்க ஆத்துல 2021-ல இதைவிட ஜாஸ்தி ஓடுச்சு" என்றார் மாமா. படகோட்டி எந்த ஊர் என்று கேட்டார். காஞ்சிபுரம் என்றதும், "பட்டுப் புடவை ஊரா? அங்க ஏது ஐயா ஆறு?" என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார் மாமா. படகு திரும்பக் கரைக்கு வந்து சேரும்வரை பேச்சு நிற்கவில்லை.