எந்தக் குளோன்?

சாமராஜநகர் மாவட்டத்திலிருந்து மைசூருக்கு வரும் ரத்தக் குழாயைக் கையில் வாங்கியதும், ரத்தம் எடுத்த நேரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். சாமராஜநகர் டவுன் என்றால் சுமார் 60 கிலோமீட்டர். ஹனூர் பக்கத்து மலையூர் என்றால் இன்னும் தூரம். அக்கறையோடு ஐஸ் வைத்து அனுப்பிவிடுவார்கள். எச்ஐவி உள்ளவருக்குப் பார்க்கும் சிடி4 செல் எண்ணிக்கைக்கு அது ஆகாது; இடிடிஏ குழாயில் அறை வெப்பத்திலேயே வர வேண்டும்.

சோதனை இதுதான்: 50 மைக்ரோலிட்டர் ரத்தம், சிடி4ஐப் பிடிக்கும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி 20 மைக்ரோலிட்டர், 15 நிமிடம் இருட்டில். கேட்கச் சுலபம். ஆனால் பிப்பெட் நுனியிலிருந்து ஒரு சொட்டு குழாயின் சுவரில் ஒட்டி நின்றால், அந்த ரத்தத்தில் ஆன்டிபாடி சேராது, கணக்கு தப்பிவிடும். அதனால் குழாயின் அடியில்தான் ரத்தத்தை விட வேண்டும். மோனோசைட் என்ற வெள்ளை அணுவிலும் கொஞ்சம் சிடி4 புரதம் உண்டு என்பதால் சிடி3 ஆன்டிபாடியும் கூடவே போகும். இரண்டும் ஒட்டிய செல்லைத்தான் உதவி டி செல் என்று எண்ணுவோம்.

இந்த ஆன்டிபாடிகளைச் செய்யும் வழி 1975இல் வந்தது: கோலரும் மில்ஸ்டைனும் எலியின் மண்ணீரல் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். அப்படிப் பிறந்த ஒரே செல்லின் வம்சம், அதாவது ஒரு குளோன், முழுவதும் ஒரே ஆன்டிபாடியைச் சுரக்கிறது. அது புரதத்தின் ஒரே இடத்தில்தான் ஒட்டும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த 'ஒரே இடம்' பற்றித்தான்.

1979இல் வந்த ஓகேடி4 என்ற குளோனும், லியூ-3ஏ என்று பெயர்பெற்ற எஸ்கே3யும் சிடி4ஐத்தான் பிடிக்கின்றன. பிடிக்கும் இடம் வேறு. எஸ்கே3 ஒட்டும் இடத்தில்தான் எச்ஐவியின் ஜிபி120 புரதமும் வந்து ஒட்டப் பார்க்கும். ஓகேடி4 அதற்குக் குறுக்கே நிற்பதில்லை. வைரஸ் புரதம் கலந்த சோதனையில் எஸ்கே3ஐப் போட்டால், இருக்கும் செல்லும் மங்கலாகத் தெரியலாம். இன்னொன்று: சிலருக்குப் பிறவியிலேயே ஓகேடி4 ஒட்டும் இடம் மாறியிருக்கும். அந்தக் குளோனால் மட்டும் பார்த்தால் சிடி4 செல்லே இல்லை என்று தோன்றும். மற்றதால் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். நல்ல உடம்போடு இருப்பவரை நோயாளி என்று எழுதிவிட இது போதும்.

இது வெறும் ஆய்வகப் பேச்சு அல்ல. 2004 ஏப்ரல் 1 அன்று எச்ஐவிக்கான அரசின் இலவச ஏஆர்டி மருந்து தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் தொடங்கியபோது, 200 என்ற சிடி4 எண்தான் பலருக்கு மருந்தின் வாசலைத் திறந்தது. 2017 முதல் எண் எதுவானாலும் சிகிச்சை உண்டு. ஆனாலும் 200க்குக் கீழே இறங்கியவரைத் தனியாகக் கவனிக்க இன்றும் அந்த எண் வேண்டும்.

புது லாட் வந்தால் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒரே ரத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். ஃப்ளோரசன்ட் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். குறிப்பேட்டில் சிடி4 என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் குளோன், சாயம், லாட் எண், அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள்.