இரண்டையும் செய்யட்டுமே!

‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று திட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் நாம். இரண்டுக்கு ஆசைப்பட்டால் ஒன்றும் உருப்படாது என்பது நம் வீடுகளின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மறுபடி யோசிக்க வைத்தவர், ஜப்பானின் பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஒத்தானி.

என் பையனுக்கு 13 வயது. கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசுவான், பேட்டிங்கும் செய்வான். “ஏதாவது ஒண்ணை எடுத்துக்கச் சொல்லுங்க” என்று பயிற்சியாளர் சொன்னதிலிருந்து முகம் வாடிக் கிடந்தான். அப்போதுதான் ஒத்தானியைத் தேடிப் படித்தேன்.

கிரிக்கெட்டில் கபில்தேவ் மாதிரி ஆல்ரவுண்டர்கள் உண்டு. பேஸ்பாலில் அபூர்வம். ஒரு மேட்ச்சில் பந்தெறிந்த பிட்சருக்குக் கை ஆற நான்கைந்து நாள் ஓய்வு தேவை. பேட்டரோ அமெரிக்க சீசனின் 162 மேட்ச்சுகளில் ஏறக்குறைய தினமும் ஆட வேண்டும். 1918-ல் 13 வெற்றிகளும் 11 ஹோம் ரன்களும் எடுத்த பேப் ரூத்கூட பிறகு பிட்சிங்கை ஏறக்குறைய விட்டுவிட்டார்.

2012-ல் பள்ளிப் படிப்பை முடிக்கவிருந்த ஒத்தானி, அமெரிக்கா போவதாக அறிவித்தார். ஜப்பானின் நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ் அணி, ‘இங்கேயே இரு, இரண்டையும் செய்ய விடுகிறோம்’ என்று மனதை மாற்றியது. நிறைய பேர் முகம் சுளித்தார்கள். 2016-ல் அவர் 10 வெற்றி, 22 ஹோம் ரன். அணிக்குக் கோப்பை!

2018-ல் அமெரிக்கா போனார். அங்கே ஆரம்பத்தில், பிட்ச் செய்யும் நாளுக்கு முதல் நாளும் மறுநாளும் பெரும்பாலும் பேட்டிங் கிடையாது. அத்தனை கவனமாக இருந்தும் 2018, 2023 என்று முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சைகள். கை ஆறும்வரை பேட்டிங் மட்டும். 2024-ல் அப்படியே 54 ஹோம் ரன்! 2025 அக்டோபர் 17 அன்று, ஒரே மேட்ச்சில் 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, மூன்று ஹோம் ரன்களும் அடித்தார்.

திறமை அவருடையது. ஆனால், ‘செய்து பார்’ என்று சொல்ல ஓர் அணி இருந்ததே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

என் பையன் ஒத்தானி ஆக வேண்டாம். ஆனால், 13 வயதில் ஒரு கதவைச் சாத்த என்ன அவசரம்? பயிற்சியாளரிடம் பேசினேன். ஒரு வருஷம் இரண்டும். வாரத்துக்கு இத்தனை ஓவர்தான் என்று ஒரு கணக்கு. அவரும் சம்மதித்தார்.

பையனிடம் நான் வாங்கிய சத்தியம் ஒன்றுதான்: தோள் வலித்தால் மறைக்கக் கூடாது.