தொண்டையில் நின்ற சொல்

கும்பகோணத்தில், கும்பேசுவரர் கோயிலுக்கு நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் அந்தத் தம்பதியர் வசிக்கின்றனர். அவர் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு. ஒரே மகன் குடும்பத்துடன் அமெரிக்காவில் இருக்கிறார். காலையில் அம்மையார் வாசல் தெளித்துக் கோலமிட்டு முடிப்பதற்குள் நாளிதழ் வந்துவிடும். காப்பி டம்ளருடன் திண்ணையில் அமர்ந்து, தலைப்புச் செய்தி முதல் நீத்தார் அறிவிப்பு வரை அவர் படித்து முடிப்பார். பிறகு சமையலறை வாசலில் நின்று, படித்தவற்றை மனைவிக்கு எடுத்துரைப்பார். அம்மையார் கீரை ஆய்ந்தபடியே கேட்டுக்கொள்வார். "அப்படியா" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வராது.

'டிஜிட்டல் கைது' பற்றிய செய்திகள் வரத் தொடங்கியபோது அவருடைய குரல் சற்று உயர்ந்தது. "நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் எடுத்துச் சொன்னார். அதன் பிறகும் படித்தவர்களே பணத்தைக் கொட்டிக் கொடுக்கிறார்களே!" என்பார். முப்பது ஆண்டுகள் பத்திரங்களையும் கையொப்பங்களையும் உற்றுப் பார்த்த கண்கள் அவருடையவை. தம்மை எவரும் ஏமாற்ற இயலாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது; அதில் வியப்பில்லை.

ஐப்பசி மாதப் பிரதோஷத்தன்று முற்பகலில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. அவர் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக ஒரு குரல் கூறியது. அடுத்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் காக்கிச் சீருடை. பின்னால் அலுவலகம் போன்ற அறை. அவருடைய ஆதார் எண்ணை அந்த மனிதன் பிழையின்றிப் படித்தான். "நீங்கள் விசாரணையில் இருக்கிறீர்கள். கேமராவை அணைக்கக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது, மனைவியிடமும் கூடாது. சொன்னால் அவரும் குற்றவாளி" என்றான்.

நாள்தோறும் படித்த செய்தி அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவே இல்லை. அச்சம் முதலில் பறித்துக்கொள்வது நினைவைத்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் மனைவி சாப்பிட அழைத்தபோது, வயிறு சரியில்லை என்று உள்ளிருந்தே பதில் சொன்னார். பிற்பகலுக்குள், வங்கியில் இருந்த பதினொரு லட்சம் ரூபாய் வைப்புத் தொகையைக் கைப்பேசி வழியாகவே முறித்துச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டார். 'சரிபார்ப்புக்காக' அவன் கொடுத்த கணக்கு எண்ணுக்கு அதை அனுப்புவது ஒன்றே மிச்சம்.

மணி நான்கு அடித்தது. நான்கரைக்குப் பிரதோஷ அபிஷேகம். ஒரு கையில் பால் சொம்பும் மறுகையில் அறுகம்புல்லுமாக அம்மையார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கணவருடைய முகத்தைப் பார்த்தார்; திரையில் இருந்த முகத்தையும் பார்த்தார். அவரை வெளியே போகச் சொல்லித் திரையில் இருந்தவன் அதட்டினான்.

"போலீஸ் என்றால் வாசலுக்கு வரட்டுமே. நாங்கள் எங்கும் ஓடிவிடவில்லை. இப்போது சுவாமிக்கு நேரமாயிற்று" என்றார் அம்மையார். கைப்பேசியை வாங்கி அணைத்தார். மறுபடி ஒலிக்கவே, அதைக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் வைத்து மூடினார். இருவரும் கோயிலுக்குப் புறப்பட்டனர்.

அன்று நந்திதேவரின் கொம்புகளுக்கு இடையே சிவலிங்கத்தைத் தரிசித்தபோது அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. வீடு திரும்பிய பிறகுதான் நடந்ததை முழுவதும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இது நமக்குள் இருக்கட்டும். மகனுக்குக்கூடத் தெரிய வேண்டாம். யாரிடமும் சொல்லாதே" என்றார்.

அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவனும் இதைத்தானே உங்களிடம் சொன்னான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அன்றிரவே மகனை அழைத்துப் பேசினார். மறுநாள் வங்கிக் கிளைக்கு நேரில் சென்று கணக்கைப் பாதுகாப்பாக்கி, பணத்தை மீண்டும் வைப்பில் இட்டார்.

அடுத்த பிரதோஷத்தன்று, தீபாராதனை முடிந்து பிராகாரத்தில் வழக்கமான நண்பர்கள் காப்பரிசியுடன் அமர்ந்திருந்தார்கள். அங்கே அவர் தம் கதையைச் சொன்னார். தமக்கு இருந்த செருக்கையும் மறைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அரிசி டின்னைப் பற்றிச் சொன்னபோது மட்டும் இருவர் புன்னகைத்தனர்.

எல்லோரும் கலைந்தபின் ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். சில மாதங்களாகவே எவரிடமும் பேசாமல், சந்நிதியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுபவர். கோபுர வாசலில் அவர் கையைப் பற்றிக்கொண்டார். "ஆடி மாதம் எனக்கும் வந்தது, சார். நான்கு லட்சம் போய்விட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பணம் டெபாசிட்டில் இருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மகாமகக் குளத்துப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது" என்றார். கடைசி வாக்கியத்தின் பொருளை அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

அன்றைக்கு அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பவில்லை. தம்பதியர் இருவரும் உடன் சென்றனர். அவருடைய மனைவியிடம் நடந்ததைச் சொல்லும்வரை அருகிலேயே இருந்தனர். பிறகு இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் பதிவாயிற்று. இத்தகைய பணம் சில மணி நேரத்துக்குள் கணக்கு விட்டுக் கணக்கு மாறிவிடும். உடனே புகார் செய்தால் இடையில் எங்காவது நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மாதங்கள் கடந்துவிட்டதால் அந்த நான்கு லட்சம் இதுவரை திரும்பி வரவில்லை.

ஆனால் கோயம்புத்தூரில் இருக்கும் மகன் இரவுப் பேருந்தில் புறப்பட்டு விடியற்காலையில் வந்து சேர்ந்தார். "பணம் போகட்டும் அப்பா. இத்தனை நாள் தனியாக இதைச் சுமந்தீர்களே" என்று கூறி அருகில் அமர்ந்தார். அந்தப் பெரியவர் பல மாதங்களுக்குப் பிறகு அன்று பகலில் நன்றாக உறங்கினார்.

பிரதோஷத்தின் வரலாறு பக்தர்கள் அனைவரும் அறிந்ததே. பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை ஈசன் உண்டபோது, அன்னை அவன் கண்டத்தைப் பற்றினாள். நஞ்சு அங்கேயே நின்றது. உலகம் பிழைக்க நஞ்சைக் கண்டத்தில் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் நீலகண்டனுக்கு உண்டு. மனிதனின் தொண்டைக்கு அந்த வலிமை இல்லை. அங்கே நிற்கும் நஞ்சு நாளடைவில் உள்ளே இறங்கிவிடும். வயது முதிர்ந்த காலத்தில் வீட்டில் இருவர் மட்டுமே இருக்கும்போது, ஒருவர் மற்றவரிடம் எதையும் சொல்லத் தயங்காமல் இருப்பதே பெரிய காப்பு. ஏமாந்தது குற்றமல்ல. வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன்தான்.

இப்போதும் அவர் காலையில் நாளிதழ் படிக்கிறார். சமையலறை வாசலில் நின்று செய்திகளைச் சொல்கிறார். ஆனால் சொல்லி முடித்ததும், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கிறார். கைப்பேசி வைக்கும் மேசைக்கு மேல் சுவரில், அம்மையாரின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் 1930 என்ற எண்ணும், அதன் கீழே மகனுடைய எண்ணும் உள்ளன. அவற்றுக்கு மேலே, சற்றுப் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'முதலில் என்னைக் கூப்பிடவும்.'