அப்பாட்ட சொல்லு

"ஏட்டி, அப்பாட்ட சொல்லு, எள்ளு போதும்னு."

அத்தை இதைச் சொன்னபோது நான் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாலடி தூரம். ஆனாலும் அந்தச் சொல் என்னிடம் நேரே வராது. பட்டாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் காதில் விழுந்து, அவள் பேனாவை மூடி, எழுந்து வந்து, "அப்பா, எள்ளு போதுமாம், ஆச்சி சொல்றாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் எள் தீய்ந்துவிட்டது.

தீய்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்பு எள் அது. பச்சையாக இருந்தாலும் கறுப்பு, வறுபட்டாலும் கறுப்பு, கருகினாலும் கறுப்பு. துவையல் அரைத்து நாக்கில் வைத்த பிறகுதான் வேப்பங்கொழுந்தாகக் கசந்தது. என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் தேடிப் போனான். அத்தை மட்டும் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். மருமகன் செய்த துவையலைக் குறை சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம்.

புரட்டாசி முதல் வாரத்தில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. 74 வயது. கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்க வேண்டாம் என்று பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, குனியக்கூடாது, ஒரு மாதத்துக்கு அடுப்புப் பக்கமே போகக்கூடாது, ஆவியும் புகையும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புரட்டாசிச் சனிக்கிழமை நவதிருப்பதி போகிற வழக்கமும் அந்த வருஷம் இல்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்க அவர்களால் முடியவில்லை.

என் மனைவி கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பஸ் பிடித்து வீடு வந்து சேர ஏழு, ஏழரை ஆகும். நான் ஐந்தரைக்கே வந்துவிடுவேன். அதுவரை எங்கள் ராத்திரிச் சாப்பாடு என்பது கடையில் வாங்கிய மாவு, தோசை, மிளகாய்ப்பொடி. வீட்டில் சைவம்தான். சனிக்கிழமை மட்டும் நானும் பிள்ளைகளும் வெளியே போய்ப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு வருவோம். அத்தை வந்திருக்கும்போது, அதுவும் புரட்டாசியில், அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. நாலாவது நாள் தோசையைப் பார்த்து மகன் முகத்தைச் சுளித்தான். சரி, நாமே ஏதாவது புதிதாகச் செய்து பார்ப்போம் என்று அடுக்களைக்குள் போனேன்.

நான் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட அம்பை 16, ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் ஒட்டி எடுத்த ரகம் என்பது வரை எனக்குத் தெரியும். மூட்டைக்கு எவ்வளவு குருணை விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓர் உழக்கு அரிசி வேக எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்டால் முழிப்பேன்.

அத்தையிடம் கேட்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பழைய ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. மாமியார் மருமகனுக்கு முன்னால் உட்காரமாட்டார், பேர் சொல்லமாட்டார், தேவையில்லாமல் பேசவும் மாட்டார். கல்யாணமாகி 19 வருஷத்தில் அத்தை என்னிடம் நேரடியாகப் பேசியது "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிடுங்க", "போயிட்டு வாங்க" என்ற மூன்றுதான். நான் வீட்டுக்குள் நுழைந்தால் எழுந்துவிடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு "உட்காருங்க அத்தை" என்று நான் கெஞ்சி, மகளும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்த நாற்காலிதான் அந்த அடுக்களை வாசல் நாற்காலி. அதையும் நிலைக்கு அந்தப் பக்கமாக, பாதி உடம்பு மறைகிற மாதிரி போட்டுக்கொண்டார்கள்.

மில்லில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர் பேரேட்டால் தலையில் தட்டித்தான் சொல்லித்தந்தார். தப்பு நடந்த நொடியிலேயே தெரிந்துவிடும். இங்கே அதெல்லாம் நடக்காது. மகள் இருந்தால் அவள் வழியாகத் தபால் வரும். மகள் இல்லாவிட்டால் யாரைப் பார்த்தும் சொல்லாத மாதிரி, கூரையைப் பார்த்து, "அடுப்பு கொஞ்சம் கூடுதலா எரியுதோ என்னமோ" என்பார்கள். "குறைங்க" என்ற சொல் மட்டும் வாயில் வராது. நான் அதை உத்தரவு என்று புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆனது.

முதலில் நான் கையில் எடுத்தது உளுந்தம்பருப்புச் சோறு. திருநெல்வேலிக்காரன் இதைச் செய்யத் தெரியாமல் இருந்தால் வெட்கக்கேடு. வளர்கிற பெண்பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் என்று மகளை முன்னிட்டு அத்தையே ஆரம்பித்துவைத்தார்கள். இரண்டு ஆழாக்கு அரிசிக்கு முக்கால் ஆழாக்குத் தொலி உளுந்து. என்னிடம் இருந்தது 200 மில்லி பிளாஸ்டிக் கப். ஆழாக்கு என்றால் சுமார் 168 மில்லி ஆயிற்றே என்று நான் பேனாவும் தாளுமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் இருந்து தபால் வந்தது: "அப்பாட்ட சொல்லு, எந்தச் செம்புல அளந்தாலும் தண்ணி ஒண்ணுக்கு மூணு, ஒண்ணுக்கு மூணுதான்."

அன்று உளுந்தை வறுக்காமல் போட்டுவிட்டேன். சோறு கொழகொழவென்று கையில் ஒட்டி, கரண்டியைத் தூக்கினால் நூல் விட்டது. உளுந்துக்குள் இருக்கிற பசையை அடக்கத்தான் வறுப்பது. வெறும் சட்டியில், சிறு தீயில், தொலி உரசுகிற சத்தம் மாறும் வரை வறுக்க வேண்டும். பச்சை உளுந்து சட்டியில் கரகரவென்று ஓடும். வறுபட்டது கலகலவென்று ஓடும். இந்த வித்தியாசத்தை அத்தை எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் தடவை வறுத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன். என்ன கேட்டு நிமிர்ந்தார்கள் என்று சட்டியைக் கவனித்தபோதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு அரிசி, 15 பல் வெள்ளைப்பூடு உரித்து முழுசாக, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. குக்கரில் நாலு விசில். அத்தைக்குக் குக்கர் பிடிக்காது. ஆனால் விசிலை விரல் விட்டு எண்ணுகிற ஆளும் அவர்கள்தான்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கல்லுப்பு ஒரு பழைய பீங்கான் ஜாடியில் இருக்கும். அதன் மூடியை எடுத்தாலும் வைத்தாலும் டங் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தையின் தலை லேசாக ஆடும்.

எள்ளுத் துவையல்தான் என்னை அதிகமாகப் படுத்தியது. எள்ளை முதலில் தண்ணீரில் அலசி, மண்ணை அடியில் நிற்க வைத்து, மேலே இருப்பதை அரித்து எடுக்க வேண்டும். ஈர எள்ளைச் சட்டியில் போட்டால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. ஈரம் காய்ந்ததும் ஒன்று வெடிக்கும். அப்புறம் இரண்டு. பிறகு தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி படபடவென்று பிடிக்கும். பார்க்க உற்சாகமாக இருக்கும், அங்கேதான் நான் ஏமாந்தேன். வெடி அடங்கட்டும் என்று காத்திருந்தால் போச்சு. எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். அடுப்பை அணைத்த பிறகும் சட்டிச் சூட்டிலேயே கருகிக்கொண்டு போகும். படபடப்பு உச்சியில் இருக்கும்போதே இறக்கி, தாம்பாளத்தில் கொட்டிப் பரத்திவிட வேண்டும். மூன்று தடவை கசந்தது. நாலாவது தடவை தபால் வருவதற்கு முன்பே கொட்டிவிட்டேன். வாய் திறந்த அத்தை அப்படியே மூடிக்கொண்டார்கள். வறுத்த மிளகாய் வற்றல், புளி, ஒரு கை தேங்காய், இரண்டு பல் பூடு, உப்பு சேர்த்து, நற நறவென்று இருக்கும்போதே எடுத்து, சூடான உளுந்தஞ்சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து தந்தேன். கூடவே கல்லிடைக்குறிச்சி அப்பளம். மகன் மறுசோறு கேட்டான். அந்த வீட்டில் எனக்கு அதுவரை கிடைக்காத மரியாதை அது.

அதன் பிறகு வேகம் பிடித்தது. அடை, கொள்ளு ரசம், தோசைக்குப் புளிமிளகாய் எல்லாம் ஒன்றிரண்டு தடவையில் வந்துவிட்டன. கூட்டாஞ்சோறு நன்றாக வந்தது, ஆனால் முருங்கைக்கீரை உருவுவதிலேயே ராத்திரி ஒன்பதாகிவிட்டது. வேலை நாளில் அதைத் தொடாதே என்று எனக்கு நானே எழுதிவைத்துக்கொண்டேன். இடியாப்பம் பிழிந்து தோள் வலித்தது. இனி அது மனைவியின் ஞாயிற்றுக்கிழமைப் பாடு.

மாவும் வீட்டிலேயே அரைக்க ஆரம்பித்தேன். அம்பை 16 நாலு பங்கு, உருட்டு உளுந்து ஒரு பங்கு. புரட்டாசி வெயிலில் ராத்திரி ஒன்பதுக்குக் கரைத்து வைத்த மாவு விடியற்காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்து மேடையில் நடந்தது. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் அதே மாவு காலை ஒன்பதானாலும் அசையவில்லை. மகள் தபால் கொண்டுவந்தாள்: மாலையே கரைத்துவிட வேண்டுமாம், ஒரு ஸ்பூன் வெந்தயம் கூடப் போட வேண்டுமாம், கரண்டி போடாமல் கையால் கலக்கி, ராத்திரி சமையல் முடிந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். புரட்டாசி மாவுக்கும் ஐப்பசி மாவுக்கும் ஒரே கணக்கு எழுத முடியாது என்று மில்லில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஐப்பசி இரண்டாம் வாரம் சொதி வைக்கலாம் என்று ஆசை வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதான். மத்தியானச் சாப்பாடு அது. "ராத்திரிக்கா சொதி?" என்று கூரையிடம் ஒரு கேள்வி கேட்டார்கள் அத்தை. அதற்கு மேல் தடுக்கவில்லை.

பெரிய தேங்காய் இரண்டைத் துருவி மிக்ஸியில் அடித்து மூன்று பால் எடுத்தேன். கெட்டியான முதல் பால் ஒரு டம்ளர், அப்புறம் இரண்டாம் பால், மூன்றாம் பால். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முழுசாகச் சின்ன வெங்காயமும் வெள்ளைப்பூடும் போட்டு வேகவைக்க வேண்டும். வெந்ததும் இரண்டாம் பால், குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது. மஞ்சள்தூள் கிடையாது, சொதி வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் முதல் பால். அது கொதிக்கக்கூடாது. ஓரத்தில் நுரை கூடுகிற சமயம் அணைத்துவிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது அதற்கும் பிறகு, சூடு தணிந்து. கொதித்தால் எண்ணெய் தனி, தண்ணீர் தனியாகத் திரிந்து, இரண்டு தேங்காயும் வீண்.

அன்று மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். வெளியே நல்ல மழை. முதல் பாலை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. மனைவி. புது பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள், ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை, குடையும் இல்லை, நீங்கள் வண்டி எடுத்து வரமுடியுமா. மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"அணைங்க மாப்பிள்ளை! அணைங்கன்னா!"

கரண்டி கையிலிருந்து விழுந்தது. எப்படி அடுப்பை அணைத்தேன் என்று நினைவில்லை. பார்த்தால் சொதியின் ஓரம் முழுக்க நுரை கட்டி, நடுவில் ஒரே ஒரு குமிழ் எழும்பி உடைந்தது. அவ்வளவுதான். திரியவில்லை.

திரும்பினேன். அத்தை நாற்காலியை விட்டு எழுந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, அடுக்களைக்குள் ஒரு காலை வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் மனைவி "ஹலோ, ஹலோ, யாரு அம்மாவா கத்துனது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மகள் நனைந்துகொண்டே உள்ளே ஓடிவந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு "நல்லா மணக்குதே, என்ன ஆச்சி?" என்றாள். அத்தை அவளை அருகில் கூப்பிட்டார்கள். நான் அங்கேதான், நாலடி தூரத்தில், எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பாட்ட சொல்லுட்டி, ஜாடி மூடிச் சத்தமே கேக்கலைன்னு."

மகள் என்னைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள்.

"அப்பா, உப்பு போடலையாம்."