ஐந்தாம் வேகத்தில் மட்டும் ஓடிய மோட்டார்



தூண்டில் மீன்பிடிப்பில் ஈடுபாடு கொண்டோர், சிறு படகின் பின்புறத்தில் பொருத்தும் மின்சார மோட்டாரை அறிந்திருப்பர். எண்ணெய் தேவையில்லை, இரைச்சலும் இல்லை. 12 வோல்ட் மின்கலம் ஒன்றே போதும். என் அண்ணனிடம் அத்தகைய பழைய மோட்டார் ஒன்று உள்ளது. கிரியான் நெல்வயல்களின் பாசனத்திற்காக 1906ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட புக்கிட் மேரா ஏரியில் அவர் தோமான் மீன் பிடிப்பார். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் துடுப்பு வலிக்கக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆகவே, மோட்டார் இருந்தால்தான் அவருக்கு ஏரி.

அம்மோட்டாரின் முதல் நான்கு வேகங்கள் திடீரென இயங்காமல் போயின. ஐந்தாம் வேகம் மட்டும் ஓடியது. 30 பவுண்டு உந்துவிசை கொண்ட மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அவருடைய 60 ஆம்பியர்-மணி மின்கலம் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. மாலை இடிமழை வரும் வேளையில் நடு ஏரியில் நின்றுவிட்டால் என்ன செய்வார்? பழுதுபார்க்கும் கடையிலோ, "மோட்டார் போய்விட்டது; புதிது வாங்குங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டனர்.

அண்ணன் மகன் படிவம் மூன்றில் பயில்கிறான். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்பது அவ்வீட்டில் அடிக்கடி ஒலிக்கும் சொல். அவன்தான், "சித்தப்பா, ஒரு வேகம் ஓடுகிறது என்றால் மோட்டார் போகவில்லைதானே?" என்று கேட்டான். அந்த வினாவைப் பற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை இருவரும் அமர்ந்தோம்.

எளியதிலிருந்து தொடங்கினோம். மின்கலம் ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது. வாளி நீரில் சில நொடிகள் ஐந்தாம் வேகத்தில் ஓடவிட்டபோதும் 12-க்குக் கீழ் இறங்கவில்லை. இணைப்பு முனைகளில் பூத்திருந்த களிம்பைத் துடைத்தோம்; மாற்றமில்லை. பின்னர், மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுழல்விசிறியைக் கழற்றினோம். அதன் பின்னால் அச்சைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகிக் கிடந்தது. அதை அறுத்தெடுத்து, கண்டதைத் தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஐந்தாம் வேகத்திற்கும் மற்றவற்றிற்கும் என்ன வேறுபாடு? இத்தகைய பழைய மோட்டார்களில், முழு வேகத்தின்போது மின்சாரம் நேரே மோட்டாருக்குச் செல்லும். குறைந்த வேகங்களில் மின்தடைச் சுருள் வழியாகச் செல்லும். ஆற்றலின் ஒரு பகுதி அங்கே வெப்பமாகிவிடுவதால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். எனவே பழுது வேகவிசையிலோ, சுருளிலோ, இடைப்பட்ட கம்பியிலோதான் இருக்க வேண்டும். மல்டிமீட்டரால் விசையைச் சோதித்தோம், நன்றாக இருந்தது. நீரில் மூழ்கும் அடிப்பகுதியைத் திறந்தோம். உள்ளே ஈரமும் துருவும். சுருளோடு கம்பி சேரும் இடம் அரித்து அறுந்திருந்தது. சுருள் கெடவில்லை.

கம்பியைச் சுரண்டி, ஈயப்பற்று வைத்தோம். மூடப்போகும் வேளையில், "ஈரம் எப்படி உள்ளே வந்தது?" என்றான் பையன். தானே தாளைப் பார்த்தான். அச்சில் சுற்றிய நரம்பு, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அறுத்திருந்தது. பழுது வெளிப்பட்ட இடம் ஒன்று. அது பிறந்த இடம் வேறொன்று. வளையத்தை மாற்றாமல் மூடியிருந்தால் சில மாதங்களில் அதே குறை திரும்பியிருக்கும். மாற்றினோம். வாளி நீரில் ஐந்து வேகங்களும் இயங்கின.

"போய்விட்டது" என்பது தீர்ப்பு, "எதுவரை வேலை செய்கிறது?" என்பது வினா. வகுப்பறையில் நாம் இவ்விரண்டில் எதை அதிகம் பயன்படுத்துகிறோம்? கணக்கில் தவறும் மாணவனுக்குக் கூட்டல் வருகிறதா, பெருக்கலில் நிற்கிறானா, அல்லது வினாவை வாசிப்பதிலேயே தடுமாறுகிறானா என்று படிப்படியாகப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும். குறை தெரியும் இடத்திலேயே காரணமும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மகனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் நீயும் ஏரிக்கு வா" என்றார். படிப்பு ஏறாது என்னும் சொல்லை அன்று அவர் சொல்லவில்லை.