உறங்கும் கிருமி

பிறர் ஈந்த சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்கத் தரப்படும் மருந்துகள், நோயைத் தடுக்கும் காவலையும் தளர்த்திவிடுகின்றன. ஆண்டுக்கணக்காய் உள்ளே உறங்கிய காசநோய்க் கிருமி அவ்வேளையில் கண்விழிக்கிறது. 1971-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுநீரக மாற்றறுவையை வெற்றியுடன் செய்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜார்ஜ் டி. ஜான் குழுவினர் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். 2001-இல் வெளியான ஆய்வின்படி, மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரில் 100-க்குச் சுமார் 13 பேரைக் காசநோய் பற்றியது. தொல்லை அத்துடன் நிற்கவில்லை. காசத்தைத் தீர்க்கும் ரிஃபாம்பிசின், சிறுநீரகத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரினின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும்!

மேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு அன்னையே சிறுநீரகம் ஈந்தார். அவர் முகத்துணி அணிந்து திருப்பலிக்கு வருவதைக் கண்டு சிலர் நகைக்கின்றனர். எனக்கோ அது விவேகமாகவே படுகிறது. இரு வாரமாய் இருமுவோர் அவரருகே அமராமல், அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்ளட்டும், அங்கே கட்டணமில்லை.